ஒரே வாரத்தில் திணறிய இரண்டு வண்டிகள்: 1996 மாருதி 800, 2020 வேகன் ஆர்

போன ஆடி மாதம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற இரண்டு வண்டிகளும் ஒரே வாரத்தில் திணற ஆரம்பித்தன. ஒன்று அப்பா 1996-இல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து தருகிற பாகம்) வண்டி. இன்னொன்று தம்பி 2020-இல் எடுத்த வேகன் ஆர், 1.0 லிட்டர், பி.எஸ்.6 என்கிற புகை விதிப்படி வந்தது. இரண்டுமே மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 800-க்கு 796 சி.சி., வேகன் ஆருக்கு 998 சி.சி. இரண்டுக்கும் நடுவில் 24 வருடம். இரண்டையும் நானே பிரித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன், செய்ததையெல்லாம் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தேன், அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்பாவோடு உட்கார்ந்து 800-க்கு பிளக் துடைப்பது, ஆயில் மாற்றுவது, ஃபேன் பெல்ட் இறுக்குவது என்று பழகிய கை, அவ்வளவுதான். தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் சின்னப் பட்டறை ஒன்று உண்டு, அங்கே இருக்கிற அண்ணன் அம்பாசடர் காலத்திலிருந்து வண்டி பார்ப்பவர், சிக்கினால் அவரிடம் போய் நிற்பேன்.

800-இன் கோளாறு இப்படி. காலையில் சோக்கை (குளிர்ந்த இன்ஜினுக்குக் கலவையைத் தடிப்பாக்குகிற இழுப்பான்) இழுத்து சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும், ஐந்து நிமிடம் அருமையாக ஓடும், இன்ஜின் சூடானதும் சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் (கால் எடுத்த நிலையில் இன்ஜின் சுற்றுகிற வேகம்) மெல்ல இறங்கி, ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிடும். இரண்டாவது கியரில் மெதுவாகப் போனால் வெட்டி வெட்டிப் போகும், அழுத்திக் கொடுத்தால் சரியாகிவிடும். வேகன் ஆர் வேறு மாதிரி. மூன்று நாள் ஒன்றுமே இருக்காது, நான்காம் நாள் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதும் இன்ஜின் நடுங்கும், அந்த நடுக்கம் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும், மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். ஒருமுறை அந்த விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டியது. இதை மட்டும் யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து பார்க்கலாம். சிமிட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கிற தேன்கூடு மாதிரியான பகுதி உருகிப்போகலாம். ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

முதல் ஞாயிறு 800-ஐ எடுத்தேன். பானெட்டைத் திறந்தால் தரை தெரியும், அவ்வளவு இடம் இருக்கிற வண்டி. முதலில் செய்தது பிளக் வயர் சோதனை. இன்ஜினை ஓடவிட்டு, ரேஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, ரப்பர் பிடி போட்ட குறடால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, கழற்றிய வயர் நுனியை இன்ஜின் உடம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்க வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் சட்டென்று தொய்யும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் வயரைக் கழற்றினால் சத்தத்தில் மாற்றமே இருக்காது, அதுதான் குற்றவாளி. எனக்கு மூன்றிலும் ஒரே மாதிரி தொய்ந்தது. அப்படியென்றால் ஒரு சிலிண்டரின் பிரச்சினை இல்லை, மூன்றுக்கும் பொதுவாகப் போகிற எதிலோ கோளாறு. பொதுவாகப் போவது இரண்டு: கார்புரேட்டரிலிருந்து வருகிற கலவை, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வருகிற தீப்பொறி. பத்து நிமிடத்தில் தேட வேண்டிய இடம் இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது, பழைய வண்டியில் எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

தீப்பொறி எளிது என்பதால் முதலில் அது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே சுற்றுகிற ரோட்டரை எடுத்தால் கீழே பாயின்ட் இருக்கும், திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்குகிற ஜோடித் தொடுமுனை அது. ஒரு பக்கம் சின்ன மேடு, எதிர்ப்பக்கம் சின்னப் பள்ளம், இரண்டும் கறுத்துப்போயிருந்தன. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் இடைவெளி 0.25 மி.மீ. கூட இல்லை, இருக்க வேண்டியது 0.4 முதல் 0.5 வரை. ஏன் இப்படிக் குறைகிறது என்றால், பாயின்ட்டைத் தூக்குகிற ஃபைபர் குதிகால் நாளாவட்டத்தில் தேய்ந்துவிடுகிறது. இடைவெளி குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறி தாமதமாக விழும், அதாவது டைமிங்கே பின்னால் போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு மாதம் ஓடும், மறுபடி அதே கதை, அதனால் புதுப் பாயின்ட்டும் கண்டன்சரும் சேர்த்தே மாற்றினேன். 0.45-க்கு வைத்து, டைமிங் லைட் பிடித்துப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் திருப்பி 10 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். ஸ்டார்ட்டிங் முன்பைவிட நன்றாக இருந்தது, மேட்டில் இழுவை கூடியது. ஆனால் சூடானதும் சிக்னலில் அணைவது அப்படியே இருந்தது. அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை தம்பி வேகன் ஆரைக் கொண்டுவந்து நிறுத்தினான். வெளிப் பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறான், வயரிங் ஹார்னஸ், அதாவது இன்ஜினின் வயர்க்கட்டு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கே கோளாறு என்று தேடுகிற நேரத்துக்கும் கூலி உண்டு, ஒட்டுப்போட்ட வயருக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள், அவர்கள் சொன்னதில் அவர்கள் பக்க நியாயம் இருக்கிறது. எனக்கு முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்கே பானெட்டைத் திறந்தால் தரை தெரியாது. பிளாஸ்டிக் மூடி, ஏர் ஃபில்டர் டப்பா, குழாய்கள், அவற்றுக்கு அடியில் எங்கேயோ இன்ஜின். ஆனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறது, அதில் தீப்பெட்டி அளவு ஈ.எல்.எம்.327 கருவியைச் செருகி போனோடு புளூடூத்தில் இணைத்தால் வண்டியே பேச ஆரம்பித்துவிடும். அது சொன்ன கோளாறு எண், அதாவது கோடு (code), பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை. வேறு கோடு எதுவும் இல்லை.

இந்தக் கோடு எப்படி வருகிறது என்று படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, மிகையாகச் சொல்லவில்லை. சிலிண்டருக்குள்ளே எட்டிப் பார்க்கிற கருவி எதுவும் அங்கே இல்லை. கிராங்க் சுற்றுவதை ஒரு சென்சர் பல் பல்லாக எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடித்ததும் கிராங்க்குக்கு ஒரு தள்ளு கிடைக்கும். இரண்டாவது சிலிண்டர் வெடிக்க வேண்டிய தருணத்தில் அந்தத் தள்ளு வராமல் சுற்று ஒரு துளி தொய்ந்தால், கம்ப்யூட்டர் அதைக் கவனித்துக் குறித்துக்கொள்கிறது. முந்தின நாள் நான் குறடும் கையுமாக நின்று பிளக் வயரைக் கழற்றிக் கழற்றிக் காதால் கேட்ட அதே தொய்வுதான் இது. பட்டறை அண்ணன் நாற்பது வருடமாகக் காதால் பிடிப்பதை இந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு சுற்றிலும், தானாகப் பிடிக்கிறது.

ஆனால் 'இரண்டாவது சிலிண்டர்' என்பதோடு அதன் பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் என்று அது சொல்லாது. கோடு வந்ததும் காயில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தருகிற பாகம்) மாற்று, பிளக் மாற்று என்று கடைக்கு ஓடினால் பணம்தான் போகும். பழைய வண்டியில் செய்தது மாதிரி பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கவும் இதில் கூடாது, முதலில் பிளக் வயர் என்று ஒன்றே இல்லை, ஒவ்வொரு பிளக் மேலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. ஓடுகிற இன்ஜினில் காயிலைப் பிடுங்கினால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் நேரே கன்வெர்ட்டருக்குப் போகும். அதனால் இடமாற்றுச் சோதனை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒன்றாவது சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் போட்டேன், இரண்டாவதை ஒன்றில். அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு வேகத்தடை இருக்கிற தெருவாகப் பார்த்து இரண்டு சுற்று ஓட்டினேன். கோளாறு காயிலில் இருந்தால் பி0301 என்று வந்திருக்க வேண்டும். மறுபடி பி0302. மறுநாள் பிளக்கையும் அதே மாதிரி மாற்றிப் போட்டேன். மறுபடி பி0302. காயிலும் நல்லது, பிளக்கும் நல்லது. காசு செலவில்லாமல் இரண்டு பொருளைப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று.

மிச்சம் இருப்பது பெட்ரோல். இங்கேதான் பட்டறை அண்ணன் வந்தார். போனைக் காட்டினேன், ஒரு பார்வை பார்த்தார். "அது கிடக்கட்டும் தம்பி, நீளத் திருப்புளி ஒண்ணு எடு" என்றார். திருப்புளி நுனியை, சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் உடம்பில் அழுத்தி, பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்கச் சொன்னார். டிக் டிக் டிக் என்று துல்லியமாகக் கேட்கிறது, உள்ளே ஊசி திறந்து மூடுகிற சத்தம். ஒன்றாவது சீராக அடிக்கிறது, மூன்றாவதும் சீராக அடிக்கிறது. இரண்டாவதும் சீராகத்தான் அடித்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. "இப்ப வயரை ஆட்டு" என்றார். இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் போகிற வயர்க்கட்டை விரலால் லேசாக அசைத்தேன், டிக் டிக், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி டிக் டிக், அதே நேரத்தில் இன்ஜினும் நடுங்கியது.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிஃபோல்டுக்கு அடியில் தேங்காய் நார், வேர்க்கடலைத் தோல், எலிப் புழுக்கை. வயர்க்கட்டைச் சுற்றிய வரிக்குழாய் ஒரு பக்கம் கிழிந்து, இரண்டாவது இன்ஜெக்டருக்குப் போகிற வயரின் மேல்தோல் மூன்று விரற்கடை நீளத்துக்கு இல்லை. செம்பு இழைகளில் நாலைந்துதான் மிச்சம், அவையும் பச்சை பூத்திருந்தன. வண்டி குலுங்கும்போது அந்த இழைகள் விட்டுவிட்டு ஒட்டியிருக்கின்றன. வயர் முழுசாக அறுந்திருந்தால் இன்ஜெக்டர் சர்க்யூட் என்று தனிக் கோடே வந்திருக்கும், வேலை சுலபமாக முடிந்திருக்கும். அறுந்தும் அறாமலும் இருந்ததால்தான் வெறும் மிஸ்ஸிங் என்று மட்டும் பதிவாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

சரிசெய்த விதம்: பேட்டரி நெகட்டிவ் கழற்றல், சேதமான துண்டை இரண்டு பக்கமும் நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டல், அதே பருமனுள்ள வயர் வைத்துப் பற்றாசு போட்டு இணைத்தல், மேலே சூட்டில் சுருங்குகிற குழாய், அதற்கு மேல் துணி டேப். பக்கத்து வயரிலும் பல் பட்டிருந்ததால் அதையும் சேர்த்தே செய்தேன், இரண்டு ஒட்டுகளும் அக்கம்பக்கமாக வராமல் ஒரு அங்குலம் தள்ளித் தள்ளி வைத்தேன், இல்லாவிட்டால் கட்டு அந்த இடத்தில் தடித்து உரசும். மல்டிமீட்டரில் இன்ஜெக்டரின் தடை 12 ஓம் சொச்சம் காட்டியது, மற்ற இரண்டும் அதே அளவு, ஆக இன்ஜெக்டரும் நல்லது. வயரும் குழாயும் டேப்பும் சேர்த்து 140 ரூபாய். நேரம்தான் ஆனது, மூன்று மாலைகளில் மொத்தம் ஏழு மணி நேரம், அதில் ஒட்டுப்போட்டது ஒரு மணி நேரம் கூட இருக்காது. மிச்சமெல்லாம் அந்த இடத்தைப் பார்க்கும்படி ஆக்குவதற்கே போனது.

இரண்டாவது சனிக்கிழமை, வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற சென்னை ஜி.பி. ரோடு போனேன், 800-க்குச் சாமான் வாங்க. 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, ஆனாலும் அந்தத் தெருவில் கார்புரேட்டர் கேஸ்கட் செட் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மேலே நீட்டி எடுத்துத் தருகிறார்கள். 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்ததிலிருந்து முப்பது வருடம் ஓடிய வண்டி, நாட்டில் எந்த ஊரில் நின்றாலும் பாகம் கிடைக்கும் என்கிற தைரியம் அதனால்தான்.

ஞாயிறு காலை பெட்ரோல் பக்கம் இறங்கினேன். முதலில் ஆயில் குச்சியை இழுத்து மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாசனை இல்லை. 800-இன் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதில்லை, கேம் ஷாஃப்ட் தட்டித் தட்டி ஓட்டுகிற டயாஃப்ரம் பம்ப், அந்தத் தோல் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும், அதனால் இந்தச் சோதனை. பம்ப் தப்பித்தது. அடுத்து ஹோஸ். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸை விரலால் அமுக்கினேன், அமுக்கிய இடம் குழிந்தபடியே நின்றது. கழற்றி நீளவாக்கில் கிழித்துப் பார்த்தால் உள்சுவர் ஊறி உப்பி, நகத்தால் சுரண்டினால் கறுப்பாகக் கையோடு வந்தது.

காரணம் தெரிந்ததுதான். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1996-இன் ரப்பரை அதை நினைத்துச் செய்யவில்லை, அன்றைக்குச் செய்திருக்கவும் முடியாது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், வண்டி நாள்கணக்கில் ஓடாமல் நின்றால் அந்த ஈரம் கார்புரேட்டரின் உலோகத்தை அரிக்கும். எங்கள் 800 வாரத்துக்கு ஒருநாள்தான் வெளியே போகிறது.

கார்புரேட்டரை இறக்கினேன். இறக்குவதற்கு முன் எந்த ஹோஸ் எங்கே, எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று இருபது படம் எடுத்தேன், முதல்முறை செய்கிற யாரும் இதைத் தவிர்க்க வேண்டாம். மேல் அழுக்கைத் துடைத்ததும் மிக்குனி பெயர் தெரிந்தது. மாருதிக்காக கார்புரேட்டர் செய்ய ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்த யூக்கால் நிறுவனம் மறைமலை நகரில்தான் தொழிற்சாலை போட்டது, எங்கள் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராகப் போனால் வந்துவிடும். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை வழிகள், எத்தனை துளைகள், அத்தனையும் ஒரு சின்ன வார்ப்புக்குள். மின்சாரம் பெரும்பாலும் இல்லாமல், சென்சர் இல்லாமல், காற்று ஓடுகிற வேகத்தை மட்டுமே வைத்து எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று முடிவு செய்கிற பொருள்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்குகிற மிதவை அறையின் அடியில் வெள்ளை மாவு மாதிரி படிவு, அதோடு ஹோஸிலிருந்து வந்த கறுப்புத் துணுக்குகள். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தருகிற சின்ன ஜெட்டை (நுண்துளை போட்ட பித்தளைத் திருகு) கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், வெளிச்சம் தெரியவில்லை. பாதி விடை அங்கே இருந்தது. மெயின் ஜெட் திறந்திருந்ததால்தான் அழுத்திக் கொடுத்தால் வண்டி போனது, இது அடைத்திருந்ததால் கால் எடுத்தால் அணைந்தது. காலையில் சோக் இழுத்திருக்கும்வரை கலவை தடிப்பாக இருப்பதால் குறை தெரியவில்லை. ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தவே கூடாது, பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. கார்ப் கிளீனர் அடித்து ஊறவைத்து, தூண்டில் நரம்பை விட்டு இழுத்து, காற்று அடித்துச் சுத்தம் செய்தேன். எல்லா வழியிலும் கிளீனரை அடித்து மறுபக்கம் பீய்ச்சுகிறதா என்று பார்த்தேன். கண்ணாடி போடாமல் செய்ய வேண்டாம், எந்தத் துளையிலிருந்து எந்தப் பக்கம் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது.

ஹோஸ் மட்டும் விலை பார்க்காமல் வாங்கினேன், இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கான ஆர்9 ரகம், உள்பக்கம் எத்தனாலைத் தாங்குகிற ஃபுளோரோ ரப்பர் பூசியது. இரண்டு மீட்டர் 760 ரூபாய். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சூடான இன்ஜினுக்கு மேலே பெட்ரோல் கொண்டுபோகிற குழாய் அது.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். ஐட்லிங் அணையாமல் தாக்குப்பிடித்தது! ஆனால் சீராக இல்லை, ஒரு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இப்போதுதான் வேகன் ஆரில் கற்றது உதவியது. அந்த வண்டியில் போனைச் செருகிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை ஆறு ஏழு சதவீதம் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கணக்கு, எத்தனால் 20 சதவீதம் கலந்தால் அது 13.5 அருகே இறங்கிவிடுகிறது, அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். வேகன் ஆர், புகையில் மிஞ்சுகிற ஆக்ஸிஜனை அளக்கிற ஆக்ஸிஜன் சென்சரை வைத்து அதைத் தானே உணர்ந்து கூட்டிக்கொள்கிறது. 800-க்குச் சொல்ல ஆள் இல்லை, அது 1996-இன் கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறது, கலவை எப்போதும் கொஞ்சம் மெலிந்தே போகிறது. அதில் வேறெங்காவது காற்றும் கசிந்தால் ஐட்லிங் தாங்காது. அப்படி யோசித்ததும் காற்றுக் கசிவைத் தேடினேன். கார்புரேட்டர் அடியிலும் இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுபோகிற ஒவ்வொரு வேக்கம் ஹோஸ் முனையிலும் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கை முன்னால் தள்ளுகிற வேக்கம் அட்வான்ஸுக்குப் போகிற குட்டி ஹோஸின் முனையில் விட்டதும் ஐட்லிங் மாறியது. முனை வெடித்திருந்தது. ஒரு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி செருகினேன், விலை பூஜ்யம்.

கடைசியாக, ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸ்சர் ஸ்குரூ. முழுதும் மூடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்து, காதால் கேட்டுக் கேட்டு இரண்டு சுற்றுக்குச் சற்று மேலே நிறுத்தினேன். அண்ணன் வந்து கேட்டுவிட்டு இன்னும் ஒரு கால் சுற்று மூடினார். அது சரியா என்று எண்ணில் பார்க்க ஆசை, நேரே புகைப் பரிசோதனை மையத்துக்குப் போனோம். 800 காலத்துப் பழைய வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை அனுமதி. எங்களுக்கு வந்தது 1.6 சதவீதம், 420 பி.பி.எம். அண்ணனுக்கு அந்தச் சீட்டைக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதே மையத்தில் வேகன் ஆரையும் காட்டினோம். அந்தத் தலைமுறைக்கு எல்லை 0.3 சதவீதமும் 200 பி.பி.எம்.-உம்தான். மெஷினில் வந்தது 0.01, 12. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டையும் வைத்துப் பார்த்தபோது 24 வருடம் என்றால் என்ன என்று புரிந்தது. பழைய வண்டியை எவ்வளவு நேசித்தாலும் அந்த எண்ணை மறைக்க முடியாது, நான் மறைக்கவும் விரும்பவில்லை. நம் பிள்ளைகள் மூச்சுவிடுகிற காற்று அது.

அடுத்த வாரம் இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டினேன், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை. 800-இன் எடை 650 கிலோ சுற்றுவட்டம், டயர் 145/70 ஆர்12, ஸ்டீயரிங்குக்குப் பவர் கிடையாது. நிற்கும்போது திருப்பத் தோள் வலிக்கும், உருள ஆரம்பித்ததும் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். தூண்கள் மெலிசு, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், சந்தில் திருப்ப அதைவிடச் சுகமான வண்டி இல்லை. ஆனால் 70-ஐத் தாண்டியதும், பக்கத்தில் லாரி போகும்போது, ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, கதவு தகர மெலிசு என்பதை மனம் மறப்பதில்லை. வேகன் ஆரில் முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., 90-இல் போனாலும் பேசலாம், ஏ.சி. போட்டாலும் இழுவை குறைவது தெரிவதில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக, நெடுஞ்சாலையில் ஊருக்குப் போக, அதுதான், அதில் எங்கள் வீட்டில் இரண்டாம் பேச்சு இல்லை. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் 800-இல் கிலோமீட்டர் பார்த்துப் பெல்ட் மாற்றுகிற கவலையும் அதில் இல்லை.

பழுது பார்க்கிற கணக்கு மட்டும் வேறு. 800-இல் நான்கு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன: பாயின்ட், ஹோஸ், ஜெட், வேக்கம் குழாய். ஒவ்வொன்றும் கண்ணுக்கும் கைக்கும் மூக்கிற்கும் தெரிகிற கோளாறு, ஒவ்வொன்றும் வருடக்கணக்கில் மெல்ல வந்தது, மொத்தச் செலவு 2,150 ரூபாய். வேகன் ஆரில் ஒரே ஒரு கோளாறு, அதுவும் வெளியிலிருந்து வந்த எலியால். எந்தச் சிலிண்டர் என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டது, அந்த இடத்துக்குப் போகத்தான் ஏழு மணி நேரம். போன், திருப்புளி இரண்டில் எதைத் தனியாக வைத்துக்கொண்டும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

எலிக்கு நாப்தலின் உருண்டை போட்டுப் பார்த்தோம், திறந்த இடத்தில் அது நிற்பதில்லை. இப்போது வயர்க்கட்டைச் சுற்றி மெல்லிய இரும்பு வலை சுற்றியிருக்கிறோம், வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்த தேங்காய் மட்டைக் குவியலை அகற்றிவிட்டோம், தம்பி தினமும் காலையில் கிளம்புமுன் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறான். மூன்று மாதமாகக் கோடு எதுவும் வரவில்லை.

800-இல் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று மிதித்தால் அரை நொடி தயங்கிவிட்டுத்தான் எடுக்கிறது. கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் காய்ந்திருக்க வேண்டும், மிதிக்கும்போது மேலே இருந்து பார்த்தால் பெட்ரோல் பீய்ச்சாமல் சொட்டுகிறது. கேஸ்கட் செட்டில் வந்த டயாஃப்ரம் தடிமனாக இருந்ததால் அன்றைக்கு மாட்டவில்லை. சரியான ரகம் வர வைத்துத் தருவதாக ஜி.பி. ரோடு கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வந்ததும் புது ஹோஸை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, அந்த டயாஃப்ரத்தையும் மாற்ற வேண்டும்.